திகன எரிந்த பின்னும் நாம் ஏன் பேஸ்புக்கில் இருக்கிறோம்?

2018 மார்ச் 5ஆம் திகதி திகனயில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. மறுநாள் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. 7ஆம் திகதி பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் ஆகியன முடக்கப்பட்டு, ஏறத்தாழ ஒரு வாரம் தடை நீடித்தது. பன்வில, வத்தேகம, தெல்தெனிய மக்களுக்கு இது அயலில் நடந்த விடயம்.

வன்முறைக்குப் பேஸ்புக் மட்டுமே காரணமல்ல. ஆனால் அது நெருப்புக்கு எண்ணெய் வார்த்தது. முஸ்லிம்களைக் கொல்லத் தூண்டிய சிங்களப் பதிவொன்றைப் பற்றி முறையிட்டவர்களுக்கு, அதில் விதிமீறல் இல்லை என்ற பதிலே கிடைத்ததாக நியூயோர்க் டைம்ஸ் எழுதியது. 2020 மே மாதத்தில் அந்நிறுவனமே மன்னிப்புக் கோரியது.

இருந்தும் கண்டி முஸ்லிம்கள் பேஸ்புக்கை விட்டு வெளியேறவில்லை. ஏன்?

மறதி என்றோ போதை என்றோ சொல்லிவிடுவது சுலபம். உண்மையில் நம்மைக் கட்டிவைத்திருப்பது செயலியல்ல, அதிலுள்ள மனிதர்கள். ஜனாஸா அறிவித்தல், இரத்தம் தேவை என்ற அவசரச் செய்தி, மத்திய கிழக்கில் உழைக்கும் மகனின் முகம், கடையின் புதிய சரக்கு எல்லாம் அங்கேதான் வருகின்றன. தனியொருவர் வெளியேறினால் நிறுவனத்துக்கு ஒரு நட்டமுமில்லை. அவருக்கோ ஊர்ச் செய்தியே நின்றுவிடும்.

2021 ஜனவரியில் வட்ஸ்அப்பின் புதிய தனியுரிமை விதிகளுக்கு அஞ்சி, உலகெங்கும் பல இலட்சம் பேர் சிக்னலையும் டெலிகிராமையும் நாடினர். வட்ஸ்அப் தன் காலக்கெடுவை பெப்ரவரி 8இலிருந்து மே 15க்குத் தள்ளிவைத்தது. கூட்டமாக நகர்ந்தால் நிறுவனம் அசையும் என்பதற்கு இது சான்று. ஆனால் உறவினரும் பாடசாலைக் குழுவும் நகராததால் போனவர்களில் பலரும் வட்ஸ்அப்பையும் கைவிடவில்லை. பேஸ்புக்கை விட்டு வட்ஸ்அப்புக்குப் போவதும் வெளியேற்றமல்ல. இரண்டுக்கும் உரிமையாளர் ஒருவரே. மூடிய குழுவில் பரவும் வதந்தியை வெளியிலுள்ளவர் மறுக்கவும் முடியாது.

அரசாங்கத் தடையும் தீர்வாகவில்லை. 2018இலும், 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலின் பின்னரும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் தடை வந்தபோது பலர் வீபிஎன் வழியாக உள்ளே நுழைந்தனர். அந்த வழி தெரியாத சாதாரண மக்களுக்கே உறவினரின் நலம் விசாரிக்க முடியாமல் போனது.

ஆக, இருப்பதா போவதா என்பதை விட, எப்படி இருப்பது என்பதே நமக்கான கேள்வி. பள்ளிவாசல் நிர்வாக சபைகள் முதலில் அவசரச் செய்திக்கு ஒரு தொலைபேசிப் பட்டியலையாவது தயாராக வைத்திருக்க வேண்டும். தளம் முடங்கினாலும் ஊர் முடங்கக் கூடாது. உறுதிப்படுத்தாத செய்தியைக் குழுவில் பகிர்வதில்லை என்ற விதி வேண்டும். ஸூரா அல்-ஹுஜுராத் ஏற்கனவே நமக்கு இட்ட கடமைதான் அது. வெறுப்புப் பதிவைக் கண்டால் அதன் இணைப்பையும் படத்தையும் சேமித்துவிட்டே முறையிட வேண்டும். பதிவு அழிக்கப்பட்ட பின் சாட்சி இருக்காது.

எல்லாவற்றிலும் முக்கியம், நாம் சிங்களத்தில் எழுதுவது. 2018இல் நம்மைப் பற்றிய பொய்கள் சிங்களத்தில் ஓடின. நம் வேதனையைப் பெரும்பாலும் நாம் தமிழில் நமக்குள்ளேயே பேசிக்கொண்டோம். நாம் வெளியேறினாலும், உள்ளே இருந்துகொண்டு மௌனமாக இருந்தாலும், பக்கத்து வீட்டுச் சிங்களச் சகோதரர் நம்மைப் பற்றி அறியப்போவது நம்மை வெறுப்பவர்கள் வாயிலாகத்தான்.