மூன்று நாள் விடுமுறையும் மூடிவைத்த கணக்கும்



சம்பலுக்கு இடிக்கும் மாசியை அறியாத அடுப்படி நம்மிடையே இல்லை. அந்த மாசி வரும் மாலைதீவுக்கு 1343இல் சென்ற இப்னு பதூதா, அங்குள்ள உலர்மீனைப் பற்றித் தமது பயண நூலில் எழுதியிருக்கிறார். வெளிநாட்டவரான அவரையே அந்நாட்டார் காதியாக அமர்த்திக் கொண்டனர். படித்தவரை வெளியிலிருந்து அழைத்துப் பணி கொடுப்பது அங்கு புதிய வழக்கமல்ல என்பது இதனால் விளங்கும். இன்று அப்படி அழைக்கப்படுவோரில் ஆசிரியர்கள் பலர். இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் சென்று கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம், வர்த்தகம் முதலிய பாடங்களைக் கற்பிக்கிறார்கள். நமது ஊர்களிலிருந்து சென்றோரும் அவர்களில் உண்டு.

அவர்களின் பாடசாலை வாழ்க்கை எப்படிப்பட்டது? மாலைதீவில் ஏறத்தாழ 1,190 தீவுகள். மக்கள் குடியிருப்பவை 200க்கும் குறைவு. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி வெளிநாட்டவரையும் சேர்த்து மொத்தச் சனத்தொகையே சுமார் 5 இலட்சத்து 15 ஆயிரம்தான். பல தீவுகளை அரைமணி நேரத்தில் நடந்தே சுற்றி வந்துவிடலாம். சில பாடசாலைகளில் எல்லா வகுப்புகளையும் சேர்த்தாலும் நூறு பிள்ளைகள் இருக்கமாட்டார்கள். இஸ்லாமும் திவேஹி மொழியும் தவிர்ந்த பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றன. திவேஹி எழுத்து அரபைப் போல வலமிருந்து இடமாக ஓடும். பேச்சிலோ சிங்களத்தின் சாயல் தெரியும். ஆகவே நம்மவர்க்கு ஊர் அந்நியமாகத் தோன்றுவதில்லை. சுற்றிலும் பள்ளிவாசலும் பாங்கொலியும் இருக்கின்றன. உணவில் ஹராம் பற்றிய பயமில்லை.

ஆனால் தனிமை இருக்கிறது. காலையில் பாடசாலை, பிற்பகலில் மேலதிக வகுப்பு, அதன்பின் அறை. மரக்கறியும் பழமும் படகில் வரவேண்டும். ஹுல்ஹங்கு என அவர்கள் அழைக்கும் தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளித்தால் படகும் தாமதமாகும். சம்பளம் ருபிய்யாவில். வங்கியின் மதிப்பு ஒரு டொலருக்கு 15.42 ருபிய்யா. ஆனால் அந்த விலைக்கு வேண்டிய அளவு டொலர் கிடைப்பது அரிது. வெளியில் கூடுதலாகக் கொடுத்து வாங்கி ஊருக்கு அனுப்பும்போது சம்பளம் சுருங்கிவிடுகிறது. இந்தச் சுருக்கத்தை ஊரிலுள்ளோர் அறிவதில்லை.

அதே நாட்டில் இன்னொரு மாலைதீவும் உண்டு. 1972இல் உல்லாசப் பயணத்துறை தொடங்கியது. குடியிருப்பில்லாத தீவொன்றில் ஒரு விடுதி மட்டும் என்ற முறையில் அது வளர்ந்தது. தண்ணீருக்கு மேல் தூண்களில் நிற்கும் மரவீடுகளையும் கடல் விமானங்களையும் படங்களில் பார்த்திருப்பீர்கள். குடியிருப்புத் தீவில் விற்கத் தடையான மதுவும் பன்றி இறைச்சியும் விடுதித் தீவில் அனுமதிக்கப்பட்டுள்ளன. ஒரே நாட்டுக்குள் இரண்டு சட்டம்! நாளெல்லாம் ஹலாலைத் தேடாமலே உண்டு பழகிய ஆசிரியர் அங்கு போனால் கேட்டுத்தான் உண்ணவேண்டும்.

அங்கு வாராந்த விடுமுறை வெள்ளியும் சனியும். ஜூலை 26 சுதந்திர தினமோ நவம்பர் 11 குடியரசு தினமோ வியாழனிலோ ஞாயிறிலோ வந்துவிட்டால் மூன்று நாள் சேர்ந்து கிடைக்கும். ஊருக்கு வந்து போக அது போதாது. அறையில் அடைந்து கிடக்கவோ மனம் வராது. அந்நாட்டில் தொழில் பார்ப்போருக்குச் சில விடுதிகள் விலை குறைப்பதும் உண்டு. நாலு ஆசிரியர்கள் பணம் சேர்த்துப் புறப்பட்டு விடுகிறார்கள்.

இங்குதான் பிரச்சினை பிறக்கிறது. என்னிடம் ஓதிய ஒருவர், கிழக்கிலங்கையைச் சேர்ந்த விஞ்ஞான ஆசிரியர், ஏழு மாதம் ஊர் வராமலிருந்து இப்படி ஒரு விடுமுறையில் போனார். வீட்டில் சொல்லவில்லை. உடன் சென்றவரின் மனைவி தொலைபேசியில் வந்த படத்தை இவருடைய மனைவியிடம் காட்டிவிட்டார். அன்றிரவே அந்தச் சகோதரி கேட்டாராம்: “கூரை ஒழுகுது, மழைக்கு முந்தி ஓடு மாத்தணும் எண்டு மூணு மாசமாச் சொல்றன். ஒங்களுக்குத் தண்ணிக்கு மேல வீடு கேக்குதோ?”

நியாயம் யார் பக்கம்? கணவரைக் கேட்டால், “ஏழு மாதத்தில் அந்த மூன்று நாள்தான் நிம்மதியாகத் தூங்கினேன்” என்கிறார். அது பொய்யல்ல. உடலுக்கும் உரிமை உண்டு என்று நமக்குப் போதித்த மார்க்கம் ஓய்வைக் குற்றமாக்கவில்லை. உழைத்துக் களைத்தவர் தம் பணத்தில் ஓய்வெடுப்பதை உடனே வீண்விரயம் என்றுவிட முடியாது. ஆயினும், ஒழுகும் கூரையின் கீழ் பிள்ளைகளைப் படுக்கவைத்த மனைவியின் சொல்லிலும் பொய்யில்லை. குடும்பத்தின் உரிமை முந்தியது. ஓட்டுக்குரிய பணத்தை அனுப்பிவிட்டு அவர் போயிருந்தால் அந்தப் படம் யாரையும் சுட்டிருக்காது.

இதைவிடப் பெரிய விடயம் ஒன்றுண்டு. அந்தச் சகோதரியிடம் என் மனைவி, “நீங்கள் கடைசியாக எப்போது ஓய்வாக இருந்தீர்கள்?” என்று கேட்டபோது அவருக்குப் பதில் வரவில்லையாம். பிள்ளைகளின் பாடசாலை, மாமியின் மருந்து, மின்சாரக் கட்டணம், வைத்தியசாலை வரிசை அனைத்தும் ஒருவர் தலையில். வெளிநாட்டிலிருப்பவருக்கு வெள்ளி, சனி உண்டு. வீட்டிலிருப்பவருக்கு எந்தக் கிழமை விடுமுறை? கூரையைப் பற்றிய கோபத்துக்குள் இந்தக் களைப்பும் ஒளிந்திருந்தது.

பெண்களே ஆசிரியைகளாகச் செல்லும் குடும்பங்களில் நிலைமை இன்னும் கடினம். பிள்ளையை உம்மாவிடம் விட்டுப் போனவர் கடற்கரையில் நின்று ஒரு படம் எடுத்தால், “பிள்ளையை மறந்துட்டா” என்று சொல்லும் நாவுகள் அவர் அனுப்பும் பணத்தைப் பற்றிப் பேசுவதில்லை. இது அநீதி.

செய்யவேண்டியவை சிலவற்றைச் சொல்கிறேன்.

போகுமுன் வீட்டில் சொல்லுங்கள். மறைத்த பத்து டொலர், சொல்லிச் செலவழித்த நூறு டொலரைவிடக் கனமானது.

கடனையும் வீட்டின் அவசியத்தையும் முதலில் தீருங்கள்.

விலையை முழுமையாகக் கேளுங்கள். விடுதிகள் சொல்லும் விலையின் மேல் 10 வீத சேவைக் கட்டணமும், அதற்கும் மேல் 2025 ஜூலை முதல் 17 வீத வரியும் சேர்வது வழக்கம். 100 டொலர் என்றது 128 டொலரைத் தாண்டும். படகுக் கட்டணம் வேறு.

முடிந்தால் அந்தப் பணத்தில் குடும்பத்தையே பாடசாலை விடுமுறைக்கு அழையுங்கள். வந்திறங்கியதும் 30 நாள் சுற்றுலா விசா இலவசமாகக் கிடைக்கும். குடியிருப்புத் தீவுகளிலும் 2009க்குப் பின் விருந்தினர் இல்லங்கள் வந்துவிட்டன. விடுதித் தீவைவிடச் செலவு மிகக் குறைவு. உணவிலும் கவலையில்லை. வாப்பா கற்பிக்கும் வகுப்பறையைப் பிள்ளைகளும் பார்த்துக் கொள்வார்கள்.

அதற்கும் வசதியில்லையா? உங்களுக்கென ஒதுக்கும் ஓய்வுப் பணத்தில் சரிபாதியை, வீட்டிலிருப்பவரின் ஓய்வுக்கென்று பெயர் சொல்லி அனுப்புங்கள். அவர் தாய்வீட்டில் இரண்டு நாள் இருந்து வரட்டும்; அந்த இரண்டு நாளும் பிள்ளைகளை வேறொருவர் பார்க்கட்டும். சகோதரிகளே, நீங்களும் அந்தப் பணத்தை அரிசிக்கும் சீனிக்கும் மாற்றிவிடாதீர்கள். ஓய்வைக் கணக்குப் பார்க்கும்போது இருவரின் ஓய்வையும் எண்ணுங்கள்.

அல்லாஹ் நமது உழைப்பிலும் ஓய்விலும் பரக்கத் செய்வானாக!