எங்கள் போர்வெல்லில் ஊறுவது எந்த மழை?

எங்கள் வீட்டு போர்வெல் 300 அடியில் வற்றியபோது, அட்டப்பாடியில் எங்கள் அகளிக்கு வந்த ரிக் வண்டிக்காரரிடம் கேட்டேன்: "கீழே இருக்கிறது எந்த மழைத் தண்ணி?" அவர் சொன்னார்: "தண்ணி வந்தா சரிங்க டீச்சர்." அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. ஏனென்றால் அதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது; வடதுருவக் கடலில் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

வடதுருவக் கடலில் பனிக்கட்டிக்கு அடியிலிருந்து மொண்ட நீரில் உப்பு குறைந்திருந்தால், கட்டி உருகியதா, ஆற்றுநீர் கலந்ததா? உப்பை மட்டும் அளந்தால் பிரித்தறிய முடியாது. ஆக்சிஜன் அணுக்களில் சுமார் 500-க்கு ஒன்று எடை கூடியது. கடல் உறையும்போது உப்பு வெளியேறிவிடும், அந்தக் கனத்த ஆக்சிஜன் ஏறத்தாழ அப்படியே கட்டியில் தங்கும். ஆற்றுநீரோ, வடக்கே போகிற மேகம் கனத்த நீரை வழியெல்லாம் கொட்டிவிட்டுக் கடைசியில் பெய்தது. கடல்நீரைவிட அதில் கனத்த ஆக்சிஜன் ஆயிரத்துக்கு 20 அளவுக்குக் குறைவு. 2008 முதல் நம் ஹிமாத்ரி நிலையம் இருக்கும் ஸ்வால்பார்டின் கடற்கழியில் இந்திய ஆய்வாளர்களும் இப்படி அளந்திருக்கிறார்கள்.

அட்டப்பாடிக்கும் இதே கணக்குதான் வேண்டும். அரபிக்கடல் மேகம் சைலன்ட் வேலியில் கொட்டித் தீர்த்து, முக்காலியைத் தாண்டும்போதே இளைத்துவிடும். கிழக்கே ஆனைகட்டிப் பக்கம் ஐப்பசி மழைதான் கைகொடுக்கும். கேரள மழையைச் சோதித்தவர்கள், துலா மழையில், அதாவது ஐப்பசி மழையில், கனத்த ஆக்சிஜன் குறைவு என்று கண்டிருக்கிறார்கள். இரண்டு மழைக்கும் தனித்தனி அடையாளம் இருக்கும்போது கிணற்றைக் கேட்டால் சொல்லிவிடும். ஐப்பசி மழைதான் ஊறுகிறதென்றால் புரட்டாசிக்குள் தடுப்பணைகளைத் தூர்வார வேண்டும். ஆடி மழையென்றால் மேற்கே காட்டைக் காப்பதே கிணற்றைக் காப்பது. இது தெரியாமல் இன்னும் 200 அடி தோண்டுவது காசைக் குழியில் போடுவது.

செலவுக்குப் பயப்பட வேண்டாம். சின்ன பாட்டிலைக் கழுத்து முட்ட நிரப்பி, ஒரு குமிழிகூட இல்லாமல் மூடி, டேப் சுற்ற வேண்டும். உள்ளே காற்று இருந்தால் லேசான நீர் முந்தி ஆவியாகும், மிச்சம் கனத்துப்போகும், அளவு பொய்யாகும். மழைமானியில் பாரஃபின் எண்ணெய் விடுவதும் இதற்காகத்தான். ஊர்களிலிருந்து வரும் என் இருளர் பிள்ளைகள் இதைப் பிசகில்லாமல் செய்வார்கள். 1978 முதல் கோழிக்கோடு குன்னமங்கலத்தில் நீர்வள ஆய்வு மையம் இருக்கிறது. பவானி, சிறுவாணி, கொடுங்கரைப்பள்ளம், பத்துக் கிணறு: மாதம் ஒரு முறை இவற்றின் நீரை எடுத்து அங்கே அனுப்ப பஞ்சாயத்து ஒரு தீர்மானம் போட்டால் போதும். ஐப்பசி பிறப்பதற்குள் மழைமானிகளை வைத்தாக வேண்டும்.