நடுக்கத்துக்குச் சாக்லேட் மருந்தா?

காலையில் நாமக்கல் மாவட்டத்து முள்ளுக்குறிச்சியிலிருந்து மரவள்ளிக் காட்டுக்கோ கொல்லிமலைக்கோ வேலைக்குக் கிளம்புகிறவர்களில் பலருக்குச் சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீயும் இரண்டு வர்க்கியும்தான் ஆகாரம். பத்து மணி வாக்கில் சிலருக்குக் கை நடுங்குகிறது, குப்பென்று வேர்க்கிறது, கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது. “லோ சுகரா இருக்கும், சாக்லேட் ஒண்ணு வாயில போடு” என்று பக்கத்தில் இருப்பவர் நீட்டுவார். கொஞ்ச நேரத்தில் தெளிந்தும் விடுகிறது. அதனாலேயே இந்த வைத்தியத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை. கேட்டே ஆக வேண்டும்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்சுலின் போடுகிறவர்கள், கிளிமெபிரைடு போன்ற மாத்திரை எடுக்கும் சர்க்கரை நோயாளிகள் ஆகியோருக்கு ரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் உடனே 15 கிராம் குளுக்கோஸ் கொடுக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அதில் விவாதத்துக்கு இடமில்லை. நான் பேசுவது அந்த மருந்துகள் எதுவும் எடுக்காமலே, சாப்பிட்ட இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் சர்க்கரை இறங்குகிறவர்களைப் பற்றி.

“சர்க்கரை இறங்குதுன்னா உடம்புல சர்க்கரை பத்தலைன்னு அர்த்தம்” என்கிறார்கள். நடப்பது தலைகீழ். டீயில் இருந்த சர்க்கரையும் வர்க்கியின் மைதாவும் சட்டென்று ரத்தத்தில் ஏறுகின்றன. சிலருக்குக் கணையம் கொஞ்சம் தாமதமாக விழித்து, தேவைக்கு மேல் இன்சுலினைச் சுரந்துவிடுகிறது. சாப்பிட்டது தீர்ந்த பிறகும் அந்த இன்சுலின் வேலை செய்துகொண்டே இருப்பதால் சர்க்கரை சரிகிறது. அதைத் தூக்கி நிறுத்த உடம்பு அட்ரினலினை அனுப்புகிறது. நடுக்கமும் படபடப்பும் அதன் வேலை. இன்சுலின் அதிகமாகப் போட்டுக்கொண்டவர்களுக்கு வரும் அதே தொல்லைகள், ஊசியே போடாதவர்களுக்கும் வருவதைக் கவனித்து 1924-இல் எழுதினார் சீல் ஹாரிஸ் என்ற அமெரிக்க மருத்துவர்.

ஆக, பத்து மணி நடுக்கம் ஏழு மணிச் சர்க்கரையால் வந்தது. நடுங்கும் அந்த நேரத்துக்கு இனிப்பு கொடுப்பதைத் தவறென்று சொல்லமாட்டேன். அதோடு நிறுத்திவிடுவதுதான் தவறு, ஏனென்றால் அதே ஏற்றமும் சரிவும் மறுபடி தொடங்கும். கையோடு ஒரு கிண்ணம் சுண்டலோ அவித்த முட்டையோ சாப்பிட வேண்டும். கோழிப்பண்ணைகளுக்குப் பேர்போன நாமக்கல் மாவட்டத்தில் முட்டைக்குப் பஞ்சமில்லை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் உண்டு, மாவுச்சத்து அநேகமாகக் கிடையாது. காலை ஆகாரத்திலேயே அது இருந்தால் பத்து மணித் தொல்லை பலருக்கும் குறையும்.

“வெள்ளைச் சர்க்கரைதான் கெடுதல், நாட்டுச் சர்க்கரையும் மலைத் தேனும் ஒண்ணும் பண்ணாது” என்பது அடுத்த நம்பிக்கை. நாட்டுச் சர்க்கரையிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். தேனில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் ஏற்கெனவே பிரிந்தே இருக்கின்றன. கணையம் இவற்றுக்குச் சலுகை காட்டாது.

மூன்றாவது, “சிறுதானியம் எவ்வளவு சாப்பிட்டாலும் சுகர் ஏறாது.” கொல்லிமலையில் சாமையும் தினையும் கேழ்வரகும் தலைமுறைகளாக விளைந்தவை. ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி பரவியபோது அவை பின்னுக்குப் போயின, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மலைமக்களோடு சேர்ந்து அவற்றை மீட்கப் பல ஆண்டுகள் உழைத்தது. அந்த உழைப்பின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அதனாலேயே சொல்கிறேன்: உரலில் குத்தித் தவிட்டோடு பொங்கிய சாமைச் சோறும், பாக்கெட்டில் வெளுப்பாகத் தீட்டி வரும் சாமையரிசியும் ஒன்றல்ல. மாவாக அரைத்துக் குழையக் காய்ச்சி, வெல்லம் போட்டுக் குடித்தால் கேழ்வரகுக் கஞ்சியும் வேகமாகத்தான் ஏறும். அதே தானியத்தை அளவாகச் சோறாக்கி, மொச்சைக் குழம்பும் கீரையும் சேர்த்துச் சாப்பிட்டால் மெல்ல ஏறி மெல்ல இறங்கும்.

ஜவ்வரிசிக் கஞ்சி விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். சேலம், நாமக்கல் பக்கத்தில் சோர்ந்து படுத்தவருக்கு முதலில் காய்ச்சிக் கொடுப்பது அதைத்தான். ஜவ்வரிசி கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து. புரதமும் நாரும் பேருக்குத்தான். இந்தக் கோளாறு உள்ளவருக்கு அதை மட்டும் கொடுத்தால், சில மணி நேரத்தில் திரும்பவும் படபடப்பு வரலாம்.

“படபடப்பு வந்தாலே லோ சுகர்தான்” என்பதும் சரியில்லை. ரத்தசோகை, தைராய்டு, பதற்றம், வெயிலில் நீர் வற்றுவது எல்லாமே இப்படிக் காட்டும். அறுவை மருத்துவர் ஆலன் விப்பிள் 1938-இல் வகுத்த விதி இன்றும் நிற்கிறது: தொந்தரவு இருக்க வேண்டும், அந்த நேரத்தில் சர்க்கரை உண்மையிலேயே குறைந்திருக்க வேண்டும், சர்க்கரை ஏறியதும் தொந்தரவு நீங்க வேண்டும். சர்க்கரை நோய் இல்லாதவருக்கு அந்தக் குறைவு என்பது 55 மில்லிகிராமுக்குக் கீழே. அமெரிக்காவில் கண்ட சோர்வுக்கெல்லாம் ‘லோ சுகர்’ என்று பெயர் சூட்டும் மோகம் பரவி, 1973-இல் மருத்துவச் சங்கங்கள் கூட்டாக எச்சரிக்க வேண்டியிருந்தது. நடுங்கும்போதே விரலில் குத்திப் பாருங்கள், எண்ணை எழுதி வையுங்கள். ஆனால் வீட்டுக் கருவி குறைந்த அளவுகளில் கொஞ்சம் பிசகும், ஆய்வக ரத்தப் பரிசோதனைதான் உறுதி செய்யும்.

இரைப்பையில் அறுவை செய்துகொண்டவர்களுக்குச் சாப்பிட்ட பின் வரும் இந்தச் சர்க்கரை இறக்கம் கடுமையாக வரலாம். மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்தாறு சிறு வேளைகளாகப் பிரிப்பதும், வெறும் வயிற்றில் மதுவைத் தொடாமலிருப்பதும் அவர்களுக்குக் கட்டாயம். விடியற்காலையிலோ பட்டினியிலோ சர்க்கரை இறங்கினாலும், மயக்கம் போட்டு விழுந்தாலும், அது சாப்பாட்டை மாற்றிச் சரிசெய்கிற சங்கதி அல்ல. கட்டி, கல்லீரல், சிறுநீரகம், அட்ரினல் சுரப்பி என்று தேட வேண்டிய காரணங்கள் வேறு. அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.