ஊருக்கு ஓர் அடுப்பு – தேர்ந்தெடுப்பது யார்?



ஆண்டு மலர் என்றால் நாலு கவிதை, எட்டு ஜோக்கு, ஹாஸ்டல் சாம்பாரைக் கிண்டல் செய்து ஒரு கட்டுரை என்று எதிர்பார்த்துப் பக்கம் புரட்டும் உங்களிடம் அடுப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். சோற்றுக்குப் பெயர் போன தஞ்சைத் தரணியில் பிறந்துவிட்டு அடுப்பைப் பற்றிப் பேசாமல் வேறு எதைப் பேசுவது?

இப்போது நம் ஊர்களில் புதிதாக ஓர் ஆசை கிளம்பியிருக்கிறது. காணும் பொங்கல், ஊர்த் திருவிழா, விளையாட்டுப் போட்டி, பழைய மாணவர் கூட்டம் என்று எது வந்தாலும், "பெரிய கரி அடுப்பு ஒண்ணு வாங்கிப் போட்டா என்னப்பா? மீனு, கோழி எல்லாம் சுட்டுப் போடலாமே!" என்று இளைஞர் மன்றத்தில் ஒரு குரல் எழும்புகிறது. ஆசை தப்பில்லை. ஊர் கூடிச் சாப்பிடுவதை விட நல்ல காரியம் என்ன இருக்கிறது? ஆனால் அடுத்து நடப்பதைக் கவனியுங்கள். கடையில் பளபளவென்று எது நிற்கிறதோ, அதற்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். தகடு எத்தனை மில்லிமீட்டர், காற்று எந்த வழியாகப் போகிறது, எங்கே வைக்கப் போகிறோம், யார் நின்று சமைக்கப் போகிறார்? ஒரு கேள்வியும் கிடையாது. உபயதாரர் பெயர் மட்டும் கெட்டியான தகட்டில் பொறிக்கப்படுகிறது. அடுப்போ இரண்டே வருஷத்தில் ஓட்டையாகிறது!

என் கருத்து இதுதான்: ஊர் அடுப்பைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் வாய் திறக்க வேண்டியவர்கள் டிப்ளமா படிக்கிற நாம். உலோகமும் வெப்பமும் படித்தவன் வாயை மூடிக்கொண்டிருந்தால், படிக்காதவர் மேல் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை.

முதல் கேள்வி: என்ன சமைக்கப் போகிறீர்கள்?

நம் ஊர் விருந்து என்பது சோறு, சாம்பார், ரசம், பாயசம். கறி விருந்தானால் பிரியாணி, குழம்பு. இவையெல்லாம் அண்டாவும் குண்டானும் கேட்பவை. அண்டாவின் அடியைத் தழுவி எழும் ஜுவாலை வேண்டும். அதற்குத்தான் நம் முன்னோர் தரையில் நீளமாகக் குழி வெட்டிக் கோட்டை அடுப்பு போட்டார்கள். கரி அப்படி எரிவதில்லை. அது தணலாக நின்று, கதிர்வீச்சால் சுடுகிறது. மீன் துண்டுக்கும் கோழிக்கும் அது அமிர்தம். நூறு பேருக்கு உலை வைக்க அதை நம்பினால் பந்தி உட்கார்ந்து இலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்! கரி அடுப்பு கோட்டை அடுப்புக்குத் துணை. அதற்கு மாற்று அல்ல.

எரிபொருளையும் பாருங்கள். டெல்டாவில் காடு குறைவு. நமக்கு உள்ளது உமி, வைக்கோல், தென்னை மட்டை, கொட்டாங்கச்சி. நூறு கிலோ நெல் அரைத்தால் ஏறக்குறைய இருபது கிலோ உமி கிடைக்கிறது. மூட்டை மூட்டையாக வரும் கரி பெரும்பாலும் இராமநாதபுரம், சிவகங்கைச் சீமையில் சீமைக் கருவேல மரத்தை மூட்டம் போட்டு எடுப்பது. மண் மூட்டத்தில் ஒரு கிலோ கரி எடுக்க நாலைந்து கிலோ விறகு போகிறது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத் தோழர்களுக்கோ கொட்டாங்கச்சி வாசலிலேயே கிடக்கிறது. அதைக் கரியாக்கினால் நல்ல சூடு, குறைந்த புகை. தெரிந்த பொருளைத் தெரிந்த இடத்தில் வாங்குங்கள் என்பதே நான் சொல்வது.

இரண்டாவது கேள்வி: எத்தனை பேருக்கு?

இங்கேதான் பலருக்கும் கணக்கு உதைக்கும். ஒரு 200 லிட்டர் எண்ணெய் டிரம்மை நீளவாக்கில் இரண்டாக வெட்டினால் ஒரு பாதியின் வாய் சுமார் 58 செ.மீ. அகலம், 88 செ.மீ. நீளம். அதாவது ஏறக்குறைய அரை சதுர மீட்டர். ஓரத்தில் சூடு குறைவு என்பதால் 4500 சதுர செ.மீ. உபயோகப்படும் என்று வையுங்கள். ஒரு மீன் துண்டுக்கு இடைவெளியோடு 100 சதுர செ.மீ. கொடுத்தால் ஒரு தடவைக்கு 45 துண்டு. பன்னிரண்டு நிமிஷத்தில் வெந்துவிடும் என்றால் 400 பேருக்கு ஒன்பது ஈடு, ஏறக்குறைய இரண்டு மணி நேரம். சமாளிக்கலாம்.

அதே அடுப்பில் கோழித் தொடை போட்டால்? ஒரு தடவைக்கு 30 துண்டு, ஓர் ஈட்டுக்கு அரை மணி. 400 பேருக்குப் பதினான்கு ஈடு, ஏழு மணி நேரம்! காலையில் அடுப்பு மூட்டியவர் சாயங்காலம் வரை நிற்க வேண்டும். முதல் பந்தி கையலம்பி வீட்டுக்குப் போய்த் தூங்கியே எழுந்துவிடும். "பெரிய அடுப்பு" என்று கடைக்காரர் சொன்னால் மயங்காதீர்கள். சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்து வாயை அளந்து பாருங்கள்.

மூன்றாவது கேள்வி: என்ன உலோகம்?

எண்ணெய் டிரம் மலிவுதான். அதன் தகடு ஒரு மில்லிமீட்டர் சொச்சம். தணலுக்கு நேராகப் பட்டால் அரிக்கும், கோணும், சில விழாக்களில் ஓட்டை விழும். அதை விட முக்கியம், உள்ளே முன்பு என்ன இருந்தது என்பது. காலி டிரம்மில் மிச்சமிருக்கும் ஆவியோடு காஸ் கட்டிங் வைத்தால் அது அடுப்பாகாது, வெடிகுண்டாகும். பூச்சிமருந்தும் ரசாயனமும் வந்த டிரம்மைத் தொடவே கூடாது. ஜி.ஐ. ஷீட்டும் வேண்டாம். துத்தநாகம் 420 டிகிரியில் உருகி, 907 டிகிரியில் கொதிக்கும். ஊதி விட்ட கரி நெருப்பு அந்தச் சூட்டை எட்டும். அப்போது வரும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சல்; அது படிந்த மீனைத் தின்பதும் நல்லதல்ல.

மூன்று மில்லிமீட்டர் எம்.எஸ். தகட்டில் 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 25 செ.மீ. ஆழம் வைத்து ஒரு பெட்டி அடியுங்கள். ஒரு சதுர மீட்டர் தகடு 23.5 கிலோ. பெட்டிக்கு 1.62 சதுர மீட்டர் ஆகிறது. ஆக 38 கிலோ. கால், கம்பி வலை எல்லாம் சேர்ந்தால் இன்னும் ஏறும். நாலு பேர் தூக்க வேண்டும், அல்லது சக்கரம் வைக்க வேண்டும். அடியில் இரண்டு விரற்கடை மணல் பரப்பினால் தகட்டுக்கு ஆயுசு கூடும்.

கம்பி வலையை நான்கு பக்கமும் வெல்டு வைத்து இறுக்கிவிடாதீர்கள். ஒரு மீட்டர் இரும்புக் கம்பி 500 டிகிரி சூடேறினால் ஆறு மில்லிமீட்டர் நீளும். நீள இடம் இல்லாவிட்டால் வில்லாக வளையும். முதல் வருஷப் பாடத்தில் இருக்கிற கணக்குதானே இது? பரீட்சையில் ஐந்து மார்க்குக்கு எழுதியதை ஊரில் ஒரு தடவை பிரயோகித்தால் என்ன?

மூடி இருந்தால் நல்லது. 1952-இல் அமெரிக்காவின் சிகாகோ பக்கம், வெபர் சகோதரர்கள் உலோகப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர், கடல் மிதவைக்காகச் செய்யும் இரும்புக் கோளத்தை இரண்டாக்கி, ஒரு பாதியை அடுப்பாகவும் மறு பாதியை மூடியாகவும் வைத்தார். இன்று உலகமெங்கும் விற்கிற உருண்டை அடுப்பு அப்படிப் பிறந்ததுதான். ஷீட்மெட்டல் பட்டறையில் பிறந்த யோசனை, தோழர்களே! மூடி காற்றையும் மழையையும் தடுக்கும். வேலை முடிந்ததும் மூடியையும் காற்றுத் துவாரத்தையும் அடைத்தால் தணல் அணையும். மிச்சக் கரி அடுத்த விழாவுக்கு ஆகும்.

எல்லாவற்றுக்கும் மேலான கேள்வி: எங்கே வைப்பது?

இனி நான் எழுதப் போவதைச் சிரித்துக்கொண்டே படிக்க முடியாது.

1997 ஜூன் 7. தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கு நேரத்தில் யாகசாலைப் பந்தல் தீப்பற்றியது. தீயிலும் நெரிசலிலும் 40-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2004 ஜனவரி 23. ஸ்ரீரங்கத்தில் கல்யாண மண்டபத்துக் கீற்றுப் பந்தல் எரிந்து, மாப்பிள்ளை உட்பட 50-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே ஆண்டு ஜூலை 16. கும்பகோணத்தில் பள்ளிச் சமையற்கூடத்தில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 பிஞ்சுகளைத் தின்றது. ஏழே வருஷத்தில், காவிரிக் கரையில், மூன்று தடவை!

மூன்றும் அடுப்பால் வந்தவை அல்ல. கும்பகோணம் மட்டுமே சமையல் நெருப்பில் தொடங்கியது. ஆனால் கூட்டமும் கீற்றும் நெருப்பும் ஒரே இடத்தில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த மூன்றும் சாட்சி. அதன் பிறகு பள்ளிக்கூடங்களில் கீற்றுக் கூரையை எடுக்க அரசு உத்தரவு போட்டது. திருவிழாப் பந்தலில் கீற்று போகவில்லை. ஆடி மாதம் கோயில் விழாக்களின் மாதம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் பழமொழி. அம்மியே பறக்கும்போது ஒரு தீப்பொறி பறக்காதா?

"மழை வந்துட்டா என்ன பண்றது? பந்தலுக்குள்ளயே ஓரமா வச்சுக்கலாம்" என்பார்கள். கூடாது என்று நாம் எழுந்து நின்று சொல்ல வேண்டும். பந்தலிலிருந்தும் வைக்கோல் போரிலிருந்தும் முப்பதடியாவது தள்ளி, காற்று வீசும் திசைக்குக் கீழ்ப்பக்கம் அடுப்பு இருக்க வேண்டும். பக்கத்தில் இரண்டு வாளி மணல், ஒரு டிரம் தண்ணீர். வெறும் சிமெண்டுத் தரையில் தணலைக் கொட்டக் கூடாது. சூட்டில் தரை வெடித்துச் சில்லு தெறிக்கும்.

மண்டபத்துக்குள் வைத்துக் கதவைச் சாத்துவது இன்னொரு வகை ஆபத்து. ஒரு கிலோ கார்பன் முழுசாக எரிய ஏறத்தாழ பதினொன்றரை கிலோ காற்று வேண்டும். அது சுமார் பத்து கன மீட்டர். அந்தக் காற்று கிடைக்காவிட்டால் கார்பன் மோனாக்சைடு பிறக்கும். நிறம் இல்லை, வாசனை இல்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும். புகை தெரியவில்லையே என்று நிம்மதியாக இருப்பவனைத்தான் இது கொல்லும்.

சாம்பலையும் நம்பாதீர்கள். மேலே வெள்ளையாக இருந்தாலும் உள்ளே கங்கு மறுநாள் வரை உயிரோடு இருக்கும். குப்பைமேட்டில் கொட்டாமல், குழியில் போட்டுத் தண்ணீர் தெளித்து மண் மூடுங்கள்.

நிற்பவரை நினையுங்கள்

அடுப்பு வாங்கும் கூட்டத்துக்குச் சமையல்காரரை யாரும் கூப்பிடுவதில்லை. ஏழு மணி நேரம் அனலில் நிற்கப் போவது தலைவரா, செயலாளரா? குனிந்தே நின்றால் இடுப்பு போகும். அடுப்பின் வாய் அவர் இடுப்பு உயரத்துக்கு இருக்க வேண்டும். வலையைத் தூக்கக் கைப்பிடி நெருப்பை விட்டு வெளியே வர வேண்டும். புடவைத் தலைப்போடு நிற்கும் பெண்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. முதலில் அவர்களைக் கேளுங்கள், பிறகு கடைக்காரரைக் கேளுங்கள்.

வடலூரில் வள்ளலார் 1867 மே 23-இல் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அந்த அடுப்பை யாரும் அழகுக்காகப் புகழ்வதில்லை. பசித்து வந்தவருக்குச் சோறு போடுகிறது என்பதுதான் அதன் பெருமை. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் தென்னையைச் சாய்த்து, கரண்டை அறுத்து, டெல்டாவை இருட்டில் தள்ளியபோதும் ஊர் ஊராகப் பொது அடுப்பு மூட்டித்தான் ஜனங்கள் பசியாறினார்கள். கூடிச் சமைக்கத் தெரிந்த ஊர் அது. அந்த ஊருக்கு ஓர் அடுப்பு வாங்குவது சின்ன விஷயமல்ல.

முடிவாக என் யோசனை. வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவைதான் சுடப் போகிறீர்கள் என்றால் அடுப்பே வாங்காதீர்கள். மண் தரையில் இரண்டு வரிசை செங்கல் அடுக்கி, நடுவில் கரி பரப்பி, மேலே ஒரு நல்ல கம்பி வலையைப் போடுங்கள். காசை வலையில் போடுங்கள், தகட்டில் வேண்டாம். மாதாமாதம் உபயோகம் உண்டு என்றால், கடைக்குப் போகாமல் நீங்களே வரைபடம் போட்டு உள்ளூர்ப் பட்டறையில் கொடுத்துச் செய்யுங்கள். அளவும் தகட்டின் கனமும் உங்கள் கையில் இருக்கும், பட்டறைக்காரருக்கும் பிழைப்பு.

அடுத்த முறை ஊர்க் கூட்டத்தில், "அடுப்பு ஒண்ணு வாங்கணும்" என்று யாராவது ஆரம்பித்தால், பின் வரிசையில் உட்கார்ந்து கடலை கொறிக்காதீர்கள். எழுந்திருங்கள். "எங்க வைக்கப் போறீங்க பெரியப்பா?" என்று முதல் கேள்வியைக் கேளுங்கள். "படிச்ச திமிரு" என்று ஒருவர் முணுமுணுக்கலாம். முணுமுணுக்கட்டும். இந்த மண்ணில் மூன்று தடவை கேட்ட ஓலம் நாலாவது தடவை கேட்காமலிருக்க, அந்த ஏச்சை வாங்கிக்கொள்வது பெரிய விலை இல்லை.