தானமாய்த் தந்ததற்குத் தனியுரிமையா?

அடிக்கடி வரும் குறிக்குச் சில பிட்டுகளும் அரிதாய் வருவதற்குப் பலவுமாக ஒதுக்கி, செய்தி முழுவதையும் ஒரே எண்ணுக்குள் அடக்கி, கடைசியில் புகுந்ததை முதலில் வெளிக்கொணரும் ஏ.என்.எஸ். என்னும் குறியீட்டு முறையை வகுத்த போலந்து ஆய்வாளர் யாரெக் டூடா, அதற்கு யாதொரு காப்புரிமையும் கோராது உலகுக்குத் தானமாக வழங்கினார். அதன் ஒரு கிளையைச் சார்ந்து மைக்ரோசாஃப்ட் நிறுவனம் சமர்ப்பித்த விண்ணப்பத்தை 2020-இல் நிராகரித்த அமெரிக்கக் காப்புரிமை அலுவலகமே, 2022 ஜனவரியில் அதற்கு அங்கீகாரம் நல்கியது விசித்திரம். தானம் செய்தவரே வாசலில் நின்று காவலும் காக்க வேண்டும் போலும்! கோரப்பட்டவை குறிவிலக்கியின் அமைப்பு பற்றிய நுணுக்கங்கள்தாம் என்று சமாதானம் சொல்லலாம். ஆயினும், துறையறிந்த எவரும் எளிதில் செய்யத்தக்க மாற்றத்துக்கு உரிமை இல்லை என்பது அந்நாட்டுச் சட்டத்தின் பிரமாணமாயிருக்க, பழைய காப்புரிமைகளைத் தேடும் சிரத்தையில் பாதியேனும் ஆய்வுக் கட்டுரைகளிடத்தும் கட்டற்ற மென்பொருள்களிடத்தும் பரிசோதகர்கள் செலுத்துவது அவசியம்.