காலத்தில் அளிக்கும் மரியாதை

முதிர்ந்த பண்டிதரைக் கௌரவிப்பது எளிது. அவருடைய நூல்களை உலகம் அறியும். மாலையிடுவோருக்கு யாதொரு துணிவும் வேண்டுவதில்லை. இன்னும் பெயரெடுக்காத இளைஞரின் பிரயாசையை மதித்து, அவர் மேற்கொண்ட வேலை முடியுமளவும் தாங்குவதே ஒரு சமூகத்தின் அறிவுக்கு உண்மையான பரீக்ஷை. யூத சமூக ஆராய்ச்சியின் சரித்திரம் இதற்குச் சிறந்த சாட்சி.

இன்று லித்துவேனியாவின் தலைநகராகவும், அன்று போலந்தைச் சேர்ந்ததாகவும் இருந்த வில்னா நகரில் 1925-ல் யீவோ என்னும் ஆராய்ச்சி நிலையம் தோன்றிற்று. மொழி, சரித்திரம், பொருளாதாரம், மனோதத்துவம் என நான்கு துறைகளில் அது யூதர் வாழ்வை ஆராய்ந்தது. அதன் தூண்களில் ஒருவரான மாக்ஸ் வைன்ரைக், 1932-ல் ராக்பெல்லர் உபகாரச் சம்பளம் பெற்று, அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலைக்குச் சென்று எட்வர்ட் ஸபீரிடம் பயின்றார். அதன் பயன் யாது? யூத வாலிபரைப் பற்றிய அவரது நூல் 1935-ல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே இளம் ஆராய்ச்சியாளரைப் பயிற்றுவிக்கும் ஏற்பாடும் யீவோவில் ஆரம்பமாயிற்று. ஒருவருக்குக் கிடைத்த அவகாசம் பலருக்கு வழி திறந்தது. 1938-ல் நியூயார்க்கிலிருந்து அங்கு சென்று பயின்ற இளம்பெண் ஒருவரே பிற்காலத்தில் லூசி டேவிடோவிச் என்று புகழ்பெற்ற சரித்திராசிரியர்.

யீவோ தன் ஆராய்ச்சிக்காக வாலிபரின் சுயசரிதைகளைப் பரிசு வைத்தும் சேகரித்தது. 1932, 1934, 1939 ஆகிய மூன்று போட்டிகளில் 600-க்கு மேற்பட்டவை வந்தன. கடைசிப் போட்டியின் பரிசை அறிவிக்கக் குறித்த தினம் 1939 செப்டம்பர் 1. அன்றுதான் ஹிட்லரின் சேனை போலந்துக்குள் புகுந்தது. எழுதியவர்களில் பலர் மாண்டனர். எஞ்சிய காகிதங்களே இன்று ஆராய்ச்சிக்கு மூலாதாரம். நாளை செய்வோம் என்று வைக்கும் மரியாதை உரியவரை அடையாமலே போகலாம் என்பதற்கு இதனினும் கொடிய உதாரணம் வேண்டுமோ?

“முதலில் தகுதியை நிரூபிக்கட்டும், பிறகு பார்ப்போம்” என்பர் சிலர். லூயி விர்த் யூதச் சேரியைப் பற்றிய தமது நூலை 1928-ல் வெளியிட்டபோது அவருக்கு வயது முப்பதையொட்டியதே. அது சிக்காகோவில் டாக்டர் பட்டத்திற்கு எழுதிய கட்டுரையிலிருந்து விளைந்தது. மார்ஷல் ஸ்க்லேர் கன்ஸர்வேடிவ் யூத மார்க்கத்தைப் பற்றிய தமது பிரதான நூலை 1955-ல் வெளியிட்டார். அவர் பிறந்ததோ 1921-ல். இன்று அவர் பெயரால் மூத்த அறிஞர்களுக்கு விருது வழங்கப்படுகிறது. அது தக்கதே. ஆனால் ஸ்க்லேர் பெயர் பெற்றது இளமையில் செய்த வேலையால் என்பதை மறத்தலாகாது.

ஆகையால், மேடையில் ஒரு பத்திரம் கொடுத்து அனுப்புவது போதாது. யித்திஷும் ஹீப்ருவும் கற்க வசதி, பழைய தஸ்தாவேஜுகளைத் தேடிச் செல்லப் பிரயாணச் செலவு, முதல் நூல் முடியும்வரை ஜீவனத்துக்குக் கவலையின்மை ஆகிய இவையே மெய்யான கௌரவம். கலப்பு மணம், மத அனுஷ்டானத்தின் தளர்ச்சி போன்ற விஷயங்களில் இளைஞர் காணும் முடிவு தனவந்தருக்குக் கசக்கலாம். பரிசு கொடுப்போர் முடிவை விலைக்கு வாங்கலாகாது. உண்மையைக் கண்டபடி சொல்லும் உரிமையோடு அளிக்கும் ஆதரவே ஆதரவு, மற்றது கூலி.