கை-கால் விழுந்தால் குடும்பமும் விழுகிறது!

ஆஸ்பத்திரிக்குப் பிறகுதான் செலவு ஆரம்பம்

சீயமங்கலம்-

செஞ்சிக்கு வடக்கே, வந்தவாசி தாலுகாவில் இருக்கிறது சீயமங்கலம். மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகைக் கோவிலால் பேர் பெற்ற ஊர். விவசாயக் கூலியை நம்பி வாழும் குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம்.

அப்படிப்பட்ட வீட்டில் ஒருவருக்குப் பக்கவாதம் வந்தால் "கை-கால் விழுந்து போச்சு" என்று ஊர் ஒரே வரியில் சொல்லிவிடும். செலவோ வருடக்கணக்கில் நீளுகிறது!

நாலரை மணி நேரம்

மூளை ரத்தக் குழாய் அடைத்துக் கொண்டால், கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் தலையை ஸ்கேன் எடுத்து, ரத்தக் கசிவு இல்லை என்று பார்க்க வேண்டும். திருவண்ணாமலையிலும், விழுப்புரம் அருகே முண்டியம்பாக்கத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள் உள்ளன. 108 வண்டிக்கும் காசு கிடையாது.

ஆனால், "விடிஞ்சதும் பார்த்துக்கலாம்" என்று காத்திருப்பதும், புறா ரத்தம் தேய்ப்பதும் கிராமங்களில் இன்னும் நின்றபாடில்லை. வீணான நேரம்தான் பின்னால் செலவாக வந்து நிற்கிறது.

அட்டை எதுவரை?

முதல்-அமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை உண்டு. ஆனால் அது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் நாட்களுக்குத்தான். வீடு திரும்பிய பிறகு?

ரத்த அழுத்தம், கொழுப்பு, ரத்தம் உறையாமல் இருக்க என்று மாத்திரைகள் ஆயுள் முழுக்க. உடற்பயிற்சி சிகிச்சைக்கு ஆட்டோ சத்தம். படுத்தவர் கூலி போச்சு. பார்த்துக் கொள்ளும் மனைவியின் கூலியும் போச்சு. இந்த இரட்டை நஷ்டத்துக்கு எந்த அட்டையும் இல்லை! நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் மக்களின் சொந்தப் பையிலிருந்து போனதாக 2021-22 அரசுக் கணக்கே சொல்கிறது.

மாத்திரையை நிறுத்தாதீர்!

கையில் காசில்லை என்றால் முதலில் நிற்பது மாத்திரைதான். "இப்ப நல்லாத்தானே இருக்கேன்" என்றும் நிறுத்துகிறார்கள். இங்கேதான் ஆபத்து! பக்கவாத நோயாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவர் ஏற்கனவே ஒருமுறை அடிபட்டவர். இரண்டாவது தாக்குதல் வந்தால் மிச்சமிருக்கும் நிலமும் நகையும் போய்விடும்.

2021 ஆகஸ்டு 5-ல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம், ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளையும் உடற்பயிற்சி சிகிச்சையையும் வீட்டு வாசலுக்கே கொண்டு வந்தது. ஏழைக்கு வேண்டியது இந்த மாதிரி உதவிதான். மாத்திரை ஒரு மாதம்கூடத் தவறாமல் வருகிறதா, பயிற்சி தருபவர் சொன்ன நாளில் வருகிறாரா என்று ஊராரும் விடாமல் கேட்க வேண்டும்.

ஆஸ்பத்திரி உயிரைக் காப்பாற்றி அனுப்புகிறது. அந்தக் குடும்பம் தலைதூக்குமா என்பது வீட்டுக்கு வரும் மாத்திரையில்தான் இருக்கிறது!